கெட்டிக் கருவிழி மாகாணம்

கோக்-தோபோ மாகாணக் கண் மருத்துவ மையத்துக்குக் கருவிழிப் படலத்தின் தடிமனை அளக்கும் கருவி வந்திறங்கிய அன்று, அதை வரவேற்று ஒரு குதிரையும் ஆறு ஆடுகளும் உயிரை விட்டன. கருவி என்னவோ சோப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து பேனா மாதிரி ஒரு குச்சி நீளும். கண்ணை மரக்கவைத்து, குச்சியின் முனையால் ஒரு நொடி தொட்டால், படலம் எத்தனை மைக்ரான் என்று எண் வந்துவிடும். ஆளுநர் நாடாவை வெட்டினார். இயக்குநர் இஷென் கலீகொவிச் கண் கலங்கினார். பள்ளிப் பிள்ளைகள் கோமுஸ் மீட்டிப் பாடினார்கள். விருந்து முடிந்த பிறகு, கருவியை எங்கே வைத்தோம் என்று அரை நாள் தேட வேண்டியிருந்தது.

தேடாமலே விட்டிருக்கலாம். முதல் காலாண்டு முடிந்ததும் மேலிடம் எல்லா மாகாணங்களின் சராசரித் தடிமனையும் வரிசைப்படுத்தி அனுப்பியது. எதற்கு அனுப்பியது என்று மேலிடத்துக்கே தெரிந்திருக்காது. எண் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதை வரிசைப்படுத்தாமல் அங்கே யாருக்கும் சோறு இறங்காது. வரிசையில் பக்கத்து மாகாணம் முதலில், கோக்-தோபோ கடைசியில். பக்கத்து மாகாணத்தோடு மேய்ச்சல் நிலத்துக்காகத் தாத்தன் காலத்திலிருந்தே தீராத தகராறு. ஆளுநர் அன்றைக்கே கூட்டம் போட்டு மேசையைத் தட்டினார்.

“நம்ம மண்ணு கெட்டி, மலை கெட்டி, நம்ம குதிரைக் குளம்பு கெட்டி. கண்ணு மட்டும் எப்படிய்யா மெலிசாகும்? அளக்கிறவன் சரியில்லை. அடுத்த காலாண்டுக்குள்ள தடிக்கணும்!”

இஷென் கலீகொவிச் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, “தடிக்கும்” என்றார்.

வேன் ஓட்டும் டெமிர்குலுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. கணவாய்க்கும் நகரத்துக்கும் இடையே ஆட்களையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிறவன் அவன். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். அவன் அண்ணன் சாதீருக்கு, “கண் அழுத்தம் அருமையா இருக்கு” என்று வருஷா வருஷம் சொல்லிச் சொல்லியே இரண்டு கண்ணையும் போக்கிவிட்டிருந்தார்கள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு வசந்த காலத்தில் ஒரேயடியாய் மூடிக்கொண்டது. அதே அருமையான அழுத்தம்தான் தனக்கும் இருக்கிறது என்று டெமிர்குலுக்குத் தெரியவந்தது. வண்டியைத் தலைநகருக்கு விட்டான்.

தலைநகர் மருத்துவர் நூர்ஜாதா விவரமானவர். “அழுத்தம் நல்லாத்தான் காட்டுது. ஆனா அதை அப்படியே நம்ப முடியாது” என்றார். “கருவிழிப் படலம் மெலிசா இருந்தா, உள்ள அழுத்தம் எகிறியிருந்தாலும் குறைச்சலாத்தான் காட்டும். உங்க அண்ணனுக்கு அதுதான் நடந்திருக்கும். உங்களுக்குத் தடிமன் எவ்வளவுன்னு தெரிஞ்சா, சொட்டு மருந்து போடலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிடுவேன். ஒழுங்காப் போட்டா பார்வையைக் காப்பாத்திடலாம்.”

“அப்ப அளந்துடுங்களேன், டாக்டரம்மா.”

மருத்துவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க கண்ணை இங்க அளந்தா எங்க சராசரியில ஏறிடும். வெளியூர் மெலிசையெல்லாம் எதுக்கு உள்ள விட்டேன்னு எங்க பெரியவர் கேப்பாரு. கோவிச்சுக்காதீங்க. உங்க ஊருக்குத்தான் புதுசாக் கருவி வந்திருக்காமே? அங்கயே அளந்துக்கிட்டு எண்ணை மட்டும் கொண்டாங்க.”

எண்ணை மட்டும் கொண்டுவருவது என்ன பெரிய காரியம் என்று டெமிர்குல் நினைத்தான்.

மையத்தில் அளக்கிற வேலை செவிலி ஜூராகானுடையது. ஊரில் கல்யாணம், சாவு எது நடந்தாலும் கறி பங்கு வைக்கக் கூப்பிடுவதும் அவளைத்தான். நம் பக்கத்தில் கறி பங்கு வைப்பது விளையாட்டில்லை. இடுப்பெலும்பு யாருக்கு, தொடையெலும்பு யாருக்கு, தலை யார் முன்னால் போக வேண்டும் என்பதில் ஒரு எலும்பு இடம் மாறினால் இரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசாது. முப்பது வருஷத்தில் ஒரு எலும்பைக்கூட மாற்றி வைக்காதவள் ஜூராகான். அந்தப் பெயரோடுதான் அவள் கருவியைக் கையில் எடுத்திருந்தாள்.

டெமிர்குலுக்கு முன்னால் துர்கன் பெரியவரும் அவர் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்கு அளந்தாள், எழுதவில்லை. மருமகளுக்கு அளந்தாள். இரண்டு எண்ணையும் மனசுக்குள் வைத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மாமனாரைவிட மருமகளுக்குக் கெட்டியாம். நல்லாருக்கே நியாயம்!” என்று முணுமுணுத்துவிட்டு, பெரிய எண்ணைப் பெரியவருக்கும் சின்ன எண்ணை மருமகளுக்கும் எழுதினாள். மருமகள் எழுந்து மாமனாருக்குத் தலை வணங்கினாள். பெரியவர் தாடியைத் தடவி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் திருப்தி.

“உக்காரு தம்பி. என்ன வேலை பாக்கறே?”

“வேன் ஓட்டறேன்க்கா.”

“சொந்த வண்டியா?”

“சொந்த வண்டிதான்.”

“அப்ப ஐநூத்தி நாப்பது.”

“இன்னும் அளக்கவே இல்லையேக்கா?”

“அளக்கறேன், அளக்கறேன். அளக்காம எழுதறதுக்கு நான் என்ன பொய்க்காரியா?” கண்ணை மரக்கவைக்கும் சொட்டை விட்டாள். குச்சி கண்ணைத் தொட்டது. கருவி கீச்சென்றது. ஜூராகான் திரையைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் சுருங்கியது. கருவியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஐநூற்று நாற்பது என்று எழுதினாள்.

“கருவி என்னக்கா காட்டுச்சு?”

“கருவிக்கு உன்னைத் தெரியுமா? உங்கப்பாவைத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவர் மகனுக்கு அதைவிடக் குறைச்சலா எழுத என் கை வராது.”

“எனக்கு மரியாதை வேண்டாம்க்கா. நெசமான எண்ணுதான் வேணும். எங்க அண்ணன்...”

“சாதீரைத் தெரியும், பாவம். அதுக்காக நீயும் குறைச்சலாக் கேக்கணுமா? உன் பொண்ணுக்கு வயசாகுது. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க, அப்பனுக்குக் கண்ணு மெலிசாமேன்னு கேட்டா என்ன சொல்லுவே? போ தம்பி. அடுத்த ஆள்!”

டெமிர்குல் மாடியேறி இயக்குநர் அறைக்குப் போனான். இஷென் கலீகொவிச் பெரிய மேசைக்குப் பின்னால், ஆளுநரோடு கைகுலுக்கும் தன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவருடைய அதிகாரபூர்வத் தடிமன் அறுநூறு. ஆளுநருக்கு அறுநூற்று ஐந்து. நடுவில் இருக்கும் அந்த ஐந்து மைக்ரானில்தான் மாகாண நிர்வாகமே நின்றுகொண்டிருந்தது.

“எண்ணுல குறையா? எவ்வளவு போட்டாங்க?”

“ஐநூத்தி நாப்பதுங்க.”

“சொந்த வண்டி இல்லே உங்களுக்கு? ஐநூத்தம்பதாப் போடச் சொல்றேன்.”

“இல்லீங்க, அது வந்து...”

“சரி, ஐநூத்தம்பத்தஞ்சு. அதுக்கு மேல பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கோவிச்சுக்குவாரு.”

“ஐயா, குறைக்கணும்.”

இஷென் கலீகொவிச் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய சர்வீஸில் இப்படியொரு மனுவை அவர் பார்த்ததில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க நல்ல மனுஷன்னு தெரியுது. ஆனா கண்ணு உங்களோடதுன்னு தனியா நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அங்கதான் தப்பு. கண்ணு உங்க முகத்துல இருக்கலாம். சராசரி மாகாணத்தோடது. நீங்க ஒருத்தர் குறைஞ்சா அம்புட்டுப் பேரையும் கீழ இழுப்பீங்க. பக்கத்து மாகாணத்துக்காரன் சிரிப்பான். சிரிக்கலாமா?”

“சிரிக்கக் கூடாதுங்க. ஆனா பார்வை போயிடுமேங்க.”

“போறது பார்வை. மானம் போகலாமா?” என்று கேட்டார் இஷென் கலீகொவிச். பிறகு மனசு இளகி, “சரி, கையால எழுதறதுல உங்களுக்கு நம்பிக்கையில்லே. நாளைக்குத் தூக்கக் கூடத்துக்கு வாங்க. அங்க எல்லாமே விஞ்ஞானம். கருவி சொல்றதைத்தான் எழுதுவோம்” என்று அனுப்பிவைத்தார்.

தூக்கக் கூடம் இயக்குநரின் சொந்தக் கண்டுபிடிப்பு. தூங்கி எழுந்ததும் கருவிழிப் படலம் கொஞ்சம் ஊதித் தடித்திருக்கும், பிறகுதான் வற்றும் என்று எங்கேயோ படித்துவிட்டார். உண்மைதான், படலம் அப்படிச் செய்யும். படிக்கக் கூடாதவர் படித்துவிட்டார் என்பதுதான் கோளாறு. மறுநாளே மையத்தின் நீண்ட தாழ்வாரத்தில் கம்பளி மெத்தைகளும் ரஜாய்களும் விரித்தாகிவிட்டன. நோயாளிகள் காலையில் வந்து படுத்துத் தூங்க வேண்டும். மணி அடித்ததும் கண்ணைத் திறந்தும் திறக்காமலும் இருக்கையில் ஜூராகான் ஓடி ஓடிக் குச்சியால் தொடுவாள். அப்படி வந்த எண்ணுக்கு மேல் வயசுக்கும் தகுதிக்கும் உண்டானதைச் சேர்த்துக்கொள்வதை இயக்குநர் ‘நுண்திருத்தம்’ என்று அழைத்தார்.

டெமிர்குல் மெத்தையில் படுத்தான். இடப்பக்கம் தபால்காரர், வலப்பக்கம் துர்கன் பெரியவர். பெரியவர் ஏற்கெனவே ஒருமுறை தடித்தது போதாது என்று மறுபடி தடிக்க வந்திருந்தார். இவனுக்குத் தூக்கம் வரவில்லை. கணவாய்ச் சாலையில் கண் அசந்தால் பள்ளத்தாக்கில்தான் விழிக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாகப் பழகிய உடம்பு. கண்ணை மூடினால் அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைத் தேடித் தரையில் துழாவுவது தெரிந்தது.

நிறையப் பேர் இப்படிப் புரண்டுகொண்டிருந்ததால் தூங்கவைக்கவும் ஏற்பாடு இருந்தது. இஷென் கலீகொவிச் நேரில் வந்து, தாழ்வாரத்தின் நடுவில் நின்று, மேலிடத்துக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கையை வாசித்தார். “தடிமன் வளர்ச்சித் துறையில் நமது மையம் கண்டுள்ள முன்னேற்றங்களின் பின்னணியை ஆராயுமிடத்து” என்பதற்குள் தபால்காரர் குறட்டை விட்டார். “ஆராயுமிடத்துப் புலனாகும் முதன்மைக் கூறுகளுள்” என்பதில் துர்கன் பெரியவர் விழுந்தார். இரண்டாம் பக்கத்தில் தாழ்வாரமே அடங்கியது. மணி அடிக்க வேண்டிய காவலாளிகூடச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

டெமிர்குல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். தன் கண்ணைப் பற்றிய பேச்சாயிற்றே என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கடைசிப் பக்கத்தில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது.

“இன்று நம் மாகாணத்தில் மெலிந்த கருவிழி என்பதே இல்லை என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே, கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து இங்கே எவருக்கும் தேவைப்படாது என முடிவுசெய்து, ஒதுக்கப்பட்ட மருந்து முழுவதையும் நாமே முன்வந்து திருப்பி அனுப்பிவிட்டோம். இத்தகைய தியாகத்தைப் பக்கத்து மாகாணம் கனவிலும் செய்திருக்காது.”

டெமிர்குல் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“மருந்தையே திருப்பி அனுப்பிட்டீங்களா?”

இஷென் கலீகொவிச் திடுக்கிட்டுக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். தன் பேச்சைக் கடைசி வரை கேட்ட ஒரு மனிதனை அவர் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறார். ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“முழுசாக் கேட்டீங்களா? அந்தத் தியாகம்னு வர்ற இடம்... எப்படி இருந்துச்சு?”

“ஐயா, என் கண்ணை அளக்கணும்.”

“தூங்கலையே தம்பி நீங்க! தூங்காதவங்களை அளக்க விதி இல்லையே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் இயக்குநர்.

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. சவாரி இல்லாத நாளெல்லாம் போய் நின்றான். எலும்பு கிடைக்காத நாய் மாதிரி வாசலிலேயே கிடக்கிறானே என்று காவலாளி தேநீர் கொடுத்தான். மனைவி புருல்சுன், “அந்த ஐநூத்தி நாப்பதை எடுத்துக்கிட்டு வந்து தொலையேன். அதுவும் எண்ணுதானே” என்று திட்டினாள். அன்று மாலை ரொட்டி கொடுக்க வந்தவள், அவன் பக்கவாட்டில் கை நீட்டினாள். அது அவன் பார்வையில் படவில்லை. ரொட்டி கீழே விழுந்தது. அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு அவள் திட்டவில்லை. அவளே எழுப்பி அனுப்பினாள்.

இதற்குள் கோக்-தோபோவின் சராசரி ஏறிய வேகம் மேலிடத்தையே உலுக்கியிருந்தது. ரைசா ஒமூரொவ்னா என்ற அம்மையார் தலைமையில் ஆறு பேர் கொண்ட ஆய்வுக்குழு வந்திறங்கியது. மையமே கல்யாண வீடாயிற்று. பின்புறம் அண்டாக்கள் கொதித்தன. டெமிர்குல் அண்டாப் புகைக்கு நடுவே வழி தேடிப் போனபோது, ஜூராகான் விறகுக் குவியலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“என்னக்கா ஆச்சு?”

“கண்ணு போச்சு தம்பி!”

“யாருக்கு?”

“ஆட்டுக்கு!” என்று மூக்கைச் சிந்தினாள். விஷயம் இதுதான். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை வியாழக்கிழமையன்று புதிதாய் அறுத்த ஆட்டின் கண்ணை அதில் அளக்க வேண்டும். மதியத்துக்குள் அந்த எண் ஏறாவிட்டால் கருவி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். இன்றைக்கு அறுத்த ஆட்டின் தலை, தலைமை விருந்தாளி என்ற முறையில் ரைசா ஒமூரொவ்னா முன்னால் போய்விட்டது. அம்மையார் ஒரு கண்ணைத் தின்றார். உங்களை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று சொல்லி, முறைப்படி இன்னொரு கண்ணை இஷென் கலீகொவிச்சுக்கு ஊட்டிவிட்டார். அவரும் தின்றுவிட்டார்.

“இன்னொரு ஆடு அறுக்க வேண்டியதுதானே?”

“அறுத்தா அந்தத் தலை ரெண்டாவது விருந்தாளிக்குப் போகும். ஆறு பேர் வந்திருக்காங்க தம்பி! தலையில கண்ணு இல்லாமப் பரிமாற முடியுமா? என் பேரு என்னாகிறது? சாப்பிட்டு எழுந்ததும் நேரா வந்து கருவியைப் பாப்பாங்க. அது பூட்டிக்கிட்டிருக்கும்.”

டெமிர்குல் அவள் பக்கம் குனிந்தான்.

“ஆட்டுக்கு வர்ற எண்ணுக்கும் நுண்திருத்தம் உண்டாக்கா?”

“ஆட்டுக்கு என்னய்யா மரியாதை? வர்றது வர்றபடி ஏறும். அது சராசரியில சேராது. அதை யாரும் பாக்கறதே இல்லை.”

“அப்ப என்னை ஆடுன்னு எழுதிக்கங்க.”

ஜூராகான் அழுகையை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா? உங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன்...”

“எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அண்ணனுக்கு ஆனதை நீங்க பாத்திருக்கீங்க. என்னை ஆடுன்னு எழுதுங்கக்கா.”

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். திரைச்சீலைக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொட்டு விட்டாள். பெயர்: ஆடு. இனம்: கிடா. குச்சி தொட்டது. கருவி கீச்சென்றது. இந்த முறை அவள் கருவியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

“நானூத்தி எண்பத்தொண்ணு.”

“மெலிசா?”

“ரொம்ப மெலிசு.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அன்னிக்கும் இதேதான் காட்டுச்சு.”

டெமிர்குலுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “தெரிஞ்சுமா அக்கா ஐநூத்தி நாப்பதுன்னு எழுதினீங்க?”

“நல்ல எலும்பா வைக்கணும்னு பாத்தேன் தம்பி” என்றாள் ஜூராகான். சீட்டை அவன் கையில் திணித்தாள். அதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அவன் திரைக்குப் பின்னாலேயே ஒடுங்கிக்கொண்டான்.

ரைசா ஒமூரொவ்னா கருவியைக் கையில் எடுத்து, கடைசியாக ஏறியிருந்த எண்ணைப் படித்தார். “இதென்ன, ஆட்டுக்கு நானூத்தி எண்பத்தொண்ணு. உங்க மக்களுக்கு ஐநூத்தி எழுபதுங்கறீங்க. ஆட்டுக் கண்ணு மனுஷக் கண்ணைவிடத் தடியா இருக்கும்னு படிச்ச ஞாபகம். எப்படி இது, இஷென் கலீகொவிச்?”

ஜூராகான் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இஷென் கலீகொவிச் ஒரு கணம் வெளுத்தார். ஆனால் ஆயிரம் மேடை கண்டவர் அவர்.

“மரியாதைக்குரிய ரைசா ஒமூரொவ்னா! நீங்க படிச்சது பழைய புத்தகம். ஒரு காலத்துல இந்த மாகாணத்து மனுஷன் ஆட்டைவிடக் கீழ இருந்தான். நானே ஒத்துக்கறேன். அப்புறம் ஆட்டுக்குச் சமமானான். இன்னிக்கு, எங்க தலைமையில, ஆட்டைத் தாண்டிட்டான்! இதைவிட என்ன வளர்ச்சி வேணும்?”

அம்மையார் யோசித்தார். கேள்வியைத் தொடர்ந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய தேநீர் ஆறிவிடும். “பக்கத்து மாகாணம் ஆட்டைத் தாண்டிடுச்சா?” என்று கேட்டார்.

“அவங்களா? இன்னும் மந்தையிலேயே நிக்கறாங்க.”

ஆய்வுக்குழு கைதட்டியது. மையத்துக்கு ஒரு கேடயம் அறிவிக்கப்பட்டது. திரைக்குப் பின்னால் மரத்த கண்ணோடு நின்ற கிடா, சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறியது.

தலைநகரில் நூர்ஜாதா சீட்டைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“ஆடு, கிடா... இது யாரு?”

“நான்தாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “பக்கத்து மாகாணத்துலேர்ந்து வர்றவங்க குதிரைன்னு எழுதிக்கிட்டு வர்றாங்க. உங்க ஊர்க்காரங்க எப்பவுமே கொஞ்சம் சிக்கனம்தான்” என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். “நல்ல வேளையா வந்தீங்க. ஓரத்துல கொஞ்சம் போயிருக்கு. போனது வராது. மிச்சத்தை விடமாட்டோம். தினம் ராத்திரி ஒரு சொட்டு, மறக்கவே கூடாது.”

டெமிர்குல் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். சந்தோஷத்தில் பாதி, அண்ணனை நினைத்துப் பாதி.

இந்த மாதிரிச் செய்தியை மூடிவைக்கவா முடியும்? கணவாய் வரைக்கும் பரவிவிட்டது. வியாழக்கிழமை என்றால் மையத்தின் முன்வாசலில் ஆளே கிடையாது, பின்வாசலில் ஆட்டு வரிசை நின்றது. டெமிர்குலின் வேனே வாரம் ஒரு மந்தையைக் கொண்டுவந்து இறக்கியது. துர்கன் பெரியவர்கூட மருமகளோடு வந்து நின்றார். தன்னை வெறும் ஆடு என்று எழுதக் கூடாது, கிடா என்றாவது போட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, “இத்தனை ஆட்டுக்கும் முறை பாத்துக்கிட்டிருந்தா எனக்குப் பொழுது போதாது, வந்த வரிசையில வாங்க” என்று ஜூராகான் எரிந்து விழுந்தாள். ஆடுகளிடம் அவளுக்குப் பயமே இல்லாமல் போயிருந்தது.

அப்படியொரு வியாழக்கிழமை, வேனில் வந்தவர்களோடு டெமிர்குலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாழ்வாரத்தின் கோடியில் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாததால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் வலக்கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். கதவு நிலை வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார். பார்வை போகத் தொடங்கிய முதல் வருஷம் சாதீரும் இப்படித்தான் நடந்தான்.

இஷென் கலீகொவிச் என்று தெரிந்ததும் பெஞ்சே எழுந்து நின்றது. தொலைந்தோம், ஆட்டுக் கணக்கு பிடிபட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“வாங்க, முன்னாடி போங்க” என்று வழிவிட்டான் டெமிர்குல்.

“வேண்டாம். வரிசையில வர்றேன்” என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார் இயக்குநர். யார் முகத்தையும் பார்க்கவில்லை. முறை வந்தபோது டெமிர்குல்தான் முழங்கையைப் பிடித்து நாற்காலி வரை கூட்டிப்போனான்.

ஜூராகான் பதறிப்போனாள். “உங்களுக்குத்தான் அறுநூறு இருக்கே! ஆளுநருக்கு அடுத்தது நீங்கதானே!”

“அது ஆபீஸுக்கும்மா.” அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இப்ப ஆடுன்னு எழுதிக்க.”

குச்சி தொட்டது. கருவி கீச்சென்றது.

“நானூத்தி அறுபத்தெட்டு” என்றாள் ஜூராகான்.

அவர் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு டெமிர்குலின் பக்கம், அவன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பினார். அவர் வாயிலிருந்து அதுவரை யாருமே கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“அண்ணே, உங்களுக்கு ஏதோ சொட்டு மருந்து கொடுத்திருக்காங்களாமே. நம்ம ஊருல எங்க கிடைக்குது?”

“கிடைக்காதுங்க. இங்க யாருக்கும் தேவைப்படாதுன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்பியாச்சு.”

“எவன் அனுப்பினது?” என்று பழக்க தோஷத்தில் நாற்காலியின் கையைத் தட்டிவிட்டார் இஷென் கலீகொவிச்.

ஜூராகான் சீட்டைக் கிழித்து அவர் கையில் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“அடுத்த ஆடு வா!”